போர்தோ பாட்டில்களில் நான் குத்திய முத்திரை

பிரெஞ்சு ஒயின் சட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு எங்கள் மாவட்டத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை, அவ்வளவுதான். நான் ஒரு சொட்டு ஒயின்கூடக் குடித்ததில்லை. கொள்கை, சத்தியம் என்றெல்லாம் எதுவும் கிடையாது. முதல் தடவை மோந்து பார்த்தபோது கெட்டுப்போன திராட்சை ஜூஸ் வாசம் வந்தது. கிடங்கில் ஜூஸ் பக்கத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தவனுக்கு அந்த வாசம் வந்தால் கை தானாகக் காலாவதி முத்திரைக் கட்டையைத் தேடும்.

துபாய்க்கு மெட்ரோ வராத காலம். ஜெபல் அலி ஃப்ரீ ஸோனில் எங்கள் கம்பெனிக்கு ஒரு பெரிய கிடங்கு இருந்தது. நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் பால் பவுடர், பிஸ்கெட், ஜூஸ். அந்தப் பக்கம் குளிரூட்டிய அறையில் ஹோட்டல்களுக்குப் போகும் ஒயின். இரண்டு பக்கத்துக்கும் ஒரே முதலாளி, ஒரே ஃபோர்க்லிஃப்ட். நான் இந்தப் பக்கம் செக்கராக இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் எல்லாமே தேதிதான். தேதி நெருங்கிய சரக்கு முதலில் வெளியே போக வேண்டும். தேதி முடிந்த சரக்கு கம்பி வலைக் கூண்டுக்குள் போக வேண்டும். கூண்டுக்குள் போட்டால் மட்டும் போதாது. யாராவது எடுத்துப்போய்த் தொழிலாளர் கேம்ப் பக்கத்துப் பலசரக்குக் கடையில் தள்ளிவிடக்கூடும் என்பதால் ஒவ்வொரு டப்பாவிலும், பெயருக்கு மேலேயே, சிவப்பு மையில் ‘எக்ஸ்பையர்ட்’ என்று முத்திரை குத்த வேண்டும். பிறகு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, வண்டியில் ஏற்றி, நசுக்கிவிடுவார்கள். அந்த முத்திரைக் கட்டைக்கு மரக் கைப்பிடி. ஐந்து வருடம் பிடித்ததில் என் உள்ளங்கை வடிவத்துக்கே அது தேய்ந்திருந்தது. ஒரு பிஸ்கெட் பாக்கெட்கூட என்னை ஏமாற்றிவிட்டு வெளியே போனதில்லை என்று சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொள்ள எனக்கு வேறு எதுவும் இல்லை.

ஆனால் என் பாஸ்போர்ட்டில் அடித்திருந்த வேலை வேறு. ‘லோடிங் அன்லோடிங் ஒர்க்கர்.’ வந்த புதிதில் ஒரு வருடம் மூட்டை தூக்கினேன். எனக்கு எழுதப் படிக்க வரும் என்று தெரிந்ததும் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டார்கள். விசாவை மாற்றவில்லை. விசாவில் ஒரு வேலை, கையில் ஒரு வேலை என்பது வளைகுடாவில் யாரும் திரும்பிப் பார்க்கிற விஷயம் இல்லை. ஆனால் மூட்டை தூக்குகிறவன் என்று விசாவில் இருக்கும்வரை மனைவியைக் கூப்பிட முடியாது. ‘ஸ்டோர் கீப்பர்’ என்று மாறினால் முடியும். எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் இருந்தது கடல் இல்லை, விசாவில் வேலையை எழுதும் அந்த ஒரு கட்டம்தான்.

கல்யாணமாகி ஆறு வருடம். லீவுகளைக் கூட்டிப் பார்த்தால் நாங்கள் சேர்ந்து இருந்தது ஐந்து மாதம். அவள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு போன் கார்டு போட்டுப் பேசுவேன். கார்டு தீரும்போது நடுவில் ஒரு பெண் குரல் வந்து மிச்ச நிமிடத்தைச் சொல்லும். அதன்பிறகு பேசுவதெல்லாம் அவசரத்தில் பேசுவதாகத்தான் இருக்கும்.

இந்த நிலையில், ஒயின் பக்கத்துப் பொறுப்பாளர் கனடாவுக்குக் குடிபெயர்ந்து போய்விட்டார். அந்தப் பக்கத்துக்குத் தலைவி ஒரு லெபனான்காரப் பெண்மணி. பிரெஞ்சு நாட்டில் படித்தவர். எல்லோருக்கும் மேடம். தேதி விஷயத்தில் கறாரான ஆள் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். கூப்பிட்டு, மூன்று மாதம் ஒரு தவறும் இல்லாமல் நடத்தினால் ஸ்டோர் கீப்பர் விசாவுக்குத் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை மனைவியிடம் சொன்னேன்.

“ஸ்கூல்ல மூணு மாசத்துக்கு முன்னாடியே எழுதிக் குடுக்கணுமாங்க,” என்றாள்.

“குடுத்துரு,” என்றேன்.

“கெடைச்சிருமா?”

“கெடைச்ச மாதிரிதான்.”

திங்கட்கிழமை ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டாள். இதை எழுதும்போது இன்றைக்கும் அந்த “கெடைச்ச மாதிரிதான்” என்னை உறுத்துகிறது.

ஒயின் அறையில் முதல் நாள் எனக்குக் கோபம்தான் வந்தது. எந்தப் பாட்டிலிலும் கடைசித் தேதி இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் இல்லை, அடியில் இல்லை, மூடியில் இல்லை. முன்பக்கம் பெரிதாக ஒரு வருடம் மட்டும் அச்சடித்திருந்தது. அதை நான் தயாரித்த வருடம் என்று சரியாகப் புரிந்துகொண்டேன். அதன்பிறகு புரிந்துகொண்டதெல்லாம் தப்பு. பின்வரிசை மரப்பெட்டிகளில் இருபத்துநான்கு பாட்டில்கள் கிடந்தன. பிரான்சில் போர்தோ என்ற ஊரில் செய்தது. வருடம் 1982. அது நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம். பாட்டில்களைப் படுக்க வைத்திருந்தார்கள். நிமிர்த்திப் பார்த்தால் அடியில் வண்டல். கனடாவுக்குப் போன மனிதரை மனதுக்குள் திட்டினேன். இருபது வருடத்துச் சரக்கைப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், மாட்டினால் நான்தானே மாட்டுவேன் என்று.

இருபத்துநான்கையும் சரக்கு ஏற்றும் ஒரு மரத் தட்டில் அடுக்கி வாசலுக்குக் கொண்டுவந்தேன். வாசலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் காக்கா என்றே கூப்பிடுவேன். அவர் அந்தக் கோட்டைத் தாண்டி ஒயின் அறைக்குள் வண்டியை விட்டதே இல்லை. தட்டைக் கோட்டுக்கு வெளியே இழுத்துக் கொடுத்தால், எதைத் தூக்குகிறோம் என்று பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டே தூக்குவார்.

“எங்கெ வைக்கணும் தம்பி?”

“கூண்டுல காக்கா. எல்லாம் தேதி முடிஞ்சது.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனார்.

கூண்டு இருந்தது பால் பவுடர் பக்கத்தில். அங்கே குளிர் கிடையாது. மாதம் ஜூலை. நான் நிதானமாக உட்கார்ந்து இருபத்துநான்கு லேபிளிலும், பெயருக்கு மேலேயே, சிவப்பு மையில் முத்திரை குத்தினேன். கோணலாக விழுந்த இரண்டில் மறுபடியும் நேராகக் குத்தினேன். பிறகு ‘காலாவதியான சரக்கு’ என்று ஒரு பட்டியல் தயாரித்து மேடத்தின் மேசையில் வைத்தேன். அவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார். திரும்பி வர ஒன்பது நாள் ஆனது.

அவர் பட்டியலைப் படித்துவிட்டு என்னைத் தேடி வரவில்லை. நேராகக் கூண்டுக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன், பாராட்டு வாங்குகிறவன் நடையில். ஒரு பாட்டிலை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார். கத்துவார் என்றுதான் இப்போது எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அவர் மிகவும் மெதுவாக ஆங்கிலத்தில், “இதை ஒருவர் பதினாறு மாதமாகக் காத்திருந்து வாங்கினார்,” என்றார். பிறகு, “எழுத்தில் விளக்கம் வேண்டும். வியாழக்கிழமைக்குள்,” என்றார். போகும்போது பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனார்.

வளைகுடா ஆபீஸில் விளக்கக் கடிதம் என்றால் என்ன என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அது விளக்குவதற்காகக் கேட்பதில்லை. ஆளை ஊருக்கு அனுப்பும்போது கோப்பில் ஒரு காகிதம் இருக்க வேண்டும் என்பதற்காகக் கேட்பது. ஊரில் அவள் ராஜினாமாவைத் திரும்ப வாங்க முடியாது. இங்கே என் விசா போனால் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வெறுங்கையோடு நிற்போம். சேர்ந்துதான் நிற்போம் என்பது அதில் இருந்த ஒரே நல்ல விஷயம்.

என்ன தப்பு செய்தேன் என்றே தெரியாமல் எப்படி விளக்கம் எழுதுவது? மேடத்தின் அலமாரியில் ஒயின் சட்டங்கள் என்று ஒரு தடித்த கோப்பு இருந்தது. ஆங்கிலத்தில்தான். கேட்டேன். யோசித்துவிட்டுக் கொடுத்தார். மூன்று நாள் இடைவேளைகளில், பிஸ்கெட் பெட்டி மேல் உட்கார்ந்து, அகராதி வைத்துக்கொண்டு படித்தேன்.

அந்தக் கோப்பு ஒரு பூச்சியில் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு செடிப்பேன், பிரெஞ்சுக்காரர்களின் திராட்சைக் கொடிகளை வேரோடு தின்று தீர்த்திருக்கிறது. கடைசியில் அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுப்போட்டுத்தான் தப்பித்தார்கள். அதாவது இன்றைக்குக் குடிக்கிற பிரெஞ்சு ஒயினில் பெரும்பாலானது அமெரிக்க வேரில் விளைவது. லேபிளில் இதை எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

திராட்சை இல்லாத அந்த நாட்களில் குடிப்பவர்கள் மட்டும் குறையவில்லை. அதனால் வியாபாரிகள் உலர்ந்த திராட்சையை ஊறவைத்தும், சர்க்கரையும் தண்ணீரும் கலந்தும் ஒயின் என்று விற்றார்கள். ஒயின் என்றால் புது திராட்சையைப் புளிக்கவைத்தது என்று அரசாங்கம் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. படித்தபோது எங்கள் ஊர் பால்காரர் ஞாபகம் வந்தது. பிரான்சின் தெற்கே இந்தக் கலப்படத்தை எதிர்த்து விவசாயிகள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்திருக்கிறார்கள், பட்டாளம் சுட்டிருக்கிறது. ஷாம்பெய்ன் விளையும் வட்டாரத்தில், வெளியூர் திராட்சையைக் கொண்டுவந்து உள்ளூர்ப் பெயரில் விற்கிறார்கள் என்று வியாபாரிகளின் நிலவறைகளை உடைத்து ஒயினைத் தெருவில் ஓடவிட்டிருக்கிறார்கள். எல்லைக்கோடு எந்தக் கிராமத்தோடு நிற்கிறது என்பதற்கு இவ்வளவு ரகளை.

பிறகு 1935இல் ஒரு பெரிய சட்டம். ஓர் ஊரின் பெயரை லேபிளில் போட வேண்டுமானால் அந்த மண்ணில், அந்த ஊருக்குச் சொன்ன ரகத்தில், சொன்ன அளவுக்கு மேல் போகாமல் விளைந்திருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் கொடிக்குத் தண்ணீர்கூடப் பாய்ச்சக் கூடாது. எங்கள் மாவட்டத்தில் இந்த விதி சட்டமே இல்லாமல் அமலில் இருந்தது. போர்தோக்காரர்கள் அதற்கும் முன்னாலேயே, 1855இல், தங்கள் தோட்டங்களை ஐந்து தரமாகப் பிரித்துப் பட்டியல் போட்டுவிட்டார்கள். அந்தப் பட்டியல் நூற்றைம்பது வருடமாக ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பிரமோஷன் கிடைத்தது ஒரே ஒரு தோட்டத்துக்கு. அதுவும் எவ்வளவோ காலம் அலைந்து. இதைப் படித்தபோது அந்தத் தோட்டத்தின் மேல் எனக்குத் தனிப் பாசம் வந்தது.

தெற்கே ஓர் ஊரில் பறக்கும் தட்டுகள் திராட்சைத் தோட்டத்தில் இறங்கக் கூடாது என்றும் ஊராட்சி விதி போட்டிருக்கிறார்கள். இறங்கினால் பறிமுதல். மூன்று முறை படித்தேன், அப்படித்தான் இருந்தது. இப்படி வானத்திலிருந்து வருகிறவன் வரைக்கும் யோசித்தவர்கள் கடைசித் தேதியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கோப்பு முழுக்கத் தேடினேன். எப்போது தூக்கி எறிய வேண்டும் என்று மட்டும் அந்த நாட்டில் யாரும் சொல்லவில்லை.

புதன்கிழமை மத்தியானம் காக்காவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஹராமான பொருளைப் பற்றிய பேச்சு என்பதால் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, காதை மட்டும் என் பக்கம் கொடுத்திருந்தார்.

“அப்பொ உள்ளெ என்னா இருக்கோ அதத்தான் மேலெ எழுதணும்ங்கிறான்?”

“ஆமா காக்கா. மாத்தி எழுதுனா ஜெயிலு.”

“என் விசாவுல குக்குன்னு இருக்கு தம்பி. பத்து வருசமா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறேன். எனக்குச் சோறே வடிக்கத் தெரியாது. ஒன் பிரெஞ்சுக்காரன் இங்கெ வந்தா மொதல்ல கம்பெனியத்தான் தூக்கி உள்ளெ வைப்பான். யல்லா, எந்திரி, சரக்கு வந்துருச்சு.”

அவர் போய்விட்டார். நான் எழுந்திருக்கவில்லை.

விளக்கக் கடிதம் இரண்டு பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் தப்பை ஒப்புக்கொண்டேன். பால் பவுடரின் சட்டத்தை ஒயினுக்குப் போட்டது என் அறியாமை என்று எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் இப்படி எழுதினேன்: ‘பிரெஞ்சுச் சட்டத்தைப் படித்ததில், உள்ளே உள்ளது ஒன்றும் லேபிளில் உள்ளது ஒன்றுமாக இருப்பது பெரிய குற்றம் என்று தெரிந்துகொண்டேன். என் லேபிளில் மூட்டை தூக்குபவன் என்று உள்ளது. உள்ளே ஐந்து வருடமாக ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். ஒரு மூட்டை தூக்குபவனை ஒயின் அறைக்குப் பொறுப்பாக வைத்தது யார் என்று பிரான்சின் திராட்சைத் தோட்ட முதலாளிகள் கேட்டால், கம்பெனி என்ன சொல்லும் என்பதையும் மேடம் யோசிக்க வேண்டுகிறேன்.’ இதில் இருந்த திமிர் எனக்குத் தெரியாமல் இல்லை. எப்படியும் அனுப்பத்தான் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

வியாழக்கிழமை மேடம் அதைப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்து மாதிரி பார்க்கும் அறைக்கு என்னையும் வரச் சொன்னார். முத்திரை குத்திய பாட்டில்களில் இரண்டு அங்கே நின்றன. ஒன்றைத் திறந்தார். வாயில் கொஞ்சம் ஊற்றி, கண்ணை மூடி, விழுங்கினார். “நன்றாக இருக்கிறது. உன்னையும் ஜூலையையும் தாண்டி,” என்றார். இரண்டாவதைத் திறந்தார். இந்தத் தடவை தொட்டியில் துப்பினார்.

“இது ஒன்பது நாளில் கெட்டதில்லை. எப்போதோ முடிந்துவிட்டது. காத்திருந்தால் நல்லதாகிக்கொண்டே போகும் என்று நினைத்து வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்,” என்றார்.

“அப்படியானால் அந்தப் பாட்டிலில் முத்திரை சரிதான், மேடம்,” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் சிரித்தாரா, இருமினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார். அதே கையோடு விசா மாற்றத்துக்கும் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாங்கியவருக்கு வேறு எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்தார்களாம். முத்திரை குத்திய மிச்சப் பாட்டில்கள் என்ன ஆயின என்று நான் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவளிடம் நடந்ததைச் சொன்னேன். ஒயின் சிலது வைக்க வைக்கத்தான் உசத்தியாகுமாம், சிலது வைத்தே கெட்டுப்போகுமாம், திறந்து பார்க்கிறவரைக்கும் யாருக்கும் தெரியாதாம் என்றெல்லாம் படித்த பெருமையில் அளந்தேன். கார்டுப் பெண் குறுக்கே வந்து மூன்று நிமிடம் என்றாள்.

“ஆறு வருசம் ஆச்சுங்க,” என்றாள் என் மனைவி. “நான் பாட்டில் இல்ல.”

அழுகை வந்தது எனக்குத்தான்.

அடுத்த மூன்று மாதத்தில் அவள் வந்துவிட்டாள். ஷார்ஜா முவைலாவில், ஒரு ஃபிளாட்டில் ஓர் அறையும் பாதி சமையலறையும் பிடித்திருந்தேன். ஷார்ஜாவில் மதுவுக்கே தடை. நாள் முழுக்க ஒயின் அறையில் நின்றுவிட்டு, ஒயினே இல்லாத ஊருக்குக் கம்பெனி பஸ்ஸில் திரும்புவேன். காலையில் எதிர் ஸ்கூலுக்குப் பிள்ளைகள் இறங்கும் சத்தம் கேட்கும். அவள் ஜன்னலில் நின்று பார்ப்பாள். வந்த முதல் வாரமே, அந்த ஸ்கூலில் கணக்குக்கு ஆள் கேட்டு நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டாள். சர்ட்டிஃபிகேட்டை எல்லாம் ஒரு கவரில் போட்டுத்தான் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தாள். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தன் பாஸ்போர்ட்டை எடுத்து விசா பக்கத்தைத் திறந்தாள். நான் லுங்கியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

“ஹவுஸ் வைஃப்னு போட்டிருக்கு,” என்றாள். “கீழ, வேலை செய்ய அனுமதியில்லைன்னு.”

“எல்லாருக்கும் அப்படித்தான் போடுவாங்க.”

“நீங்க டீச்சர்னு சொன்னீங்களா?”

அவளுக்கு விசா விண்ணப்பம் கொடுத்தது நான்தான். விண்ணப்பம் அடித்துத் தரும் டைப்பிங் சென்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துக்கொண்டே, “ஒய்ஃப், ப்ரொஃபெஷன்?” என்றார். “ஹவுஸ் வைஃப்,” என்றேன். என் கட்டத்துக்காக இரண்டு பக்கம் எழுதியவன் நான். அவளுடைய கட்டத்துக்கு எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. டீச்சர் என்று சொல்லியிருந்தாலும் அவர்கள் அப்படியேதான் அடித்திருப்பார்கள், இருக்கலாம். ஆனால் நான் சொல்லவில்லை.

“ஏழு வருசம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேங்க,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டை மூடி, சர்ட்டிஃபிகேட் கவரின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள். பிறகு ஜன்னலைச் சாத்தினாள்.

இந்தத் தடவை என்னிடம் யாரும் விளக்கக் கடிதம் கேட்கவில்லை.